பொக்காரி கேட்டது

அன்பு மகளுக்கு,

மாரி மழை பெய்து ஓய்ந்து கிணறு வாய்வரைக்கும் நிற்கிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் நோவு ஓயவில்லை, எனக்கு வாய் ஓயவில்லை. இந்த இரண்டையும் விட்டால் வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாள் என்று நான் வாசித்ததும் உன் அம்மா முழங்காலையும் மறந்து வேலியடிக்குப் போய் அயலுக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். கடைசிப் பக்கத்தை மட்டும் நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. கோலாலம்பூரில் பிள்ளையை இங்கிலீசிலேயே வளர்க்கப் போகிறோம், மருமகன் வீட்டாரும் அதைத்தான் விரும்புகிறார்கள், தமிழையும் சேர்த்தால் பிள்ளைக்கு நாக்குக் குழம்பிப்போகுமாம், ஐயாவுக்கு இதில் மனக்குறை இராதுதானே என்று கேட்டிருந்தாய்.

மனக்குறை சொல்ல எனக்கு எங்கே வாய் இருக்கிறது? உன்னை இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் நான்தான், வீட்டிலும் இங்கிலீசிலேயே கதை என்று உன் பின்னால் திரிந்ததும் நான்தான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்து 'பாஸ் த சோல்ட்' என்று கேட்பேன். "ஆர் பாஸ் பண்ணினது? எந்தச் சோதினை?" என்று உன் அம்மா கேட்பாள். நீ சிரித்துப் புரைக்கேறி, உன் தலையில் தட்டுவதிலேயே அன்றைய இங்கிலீசு முடிந்துபோகும். ஆகவே இந்தக் கடிதத்தைத் தமிழ்ப்பற்றுப் பிரசங்கம் என்று எடுக்காதே. பிரசங்கம் செய்ய உன் பெரிய மாமா இருக்கிறார். நான் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும். நீ உடுப்பிட்டியில் விடுதியில் நின்று படித்த காலத்தில் நடந்தது. லீவுக்கு வந்தபோது கேட்டாய், "ஐயா ஏன் ஒரு மாதிரி இருக்கிறார்?" என்று. வயிற்றுக் குத்து என்று சொல்லி வைத்தோம்.

ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலத்தில் நான் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பலாலிப் பக்கம் விமானத் திடலுக்கு அருகே பட்டாளத்துக்கென்று போட்ட தகரக் கொட்டில் ஆசுப்பத்திரியில் வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று உனக்குச் சரியாகத் தெரியாது. தெரியாதபடி நான் பார்த்துக்கொண்டேன். மலச்சட்டி எடுத்துக் கழுவுவது, காய்ச்சல்காரரைப் பிரட்டிப் போடுவது, வாந்தி துடைப்பது. ஆனால் காக்கிக் காற்சட்டை தந்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு கோப்பாய்ச் சந்தியால் சைக்கிளில் போகும்போது கேட்டவர்களுக்கெல்லாம், "ஆசுப்பத்திரியிலை இருக்கிறன்" என்று மட்டும் சொல்வேன். என்னவாக இருக்கிறேன் என்று கேட்க ஆள் வாயெடுப்பதற்குள் நான் வளைவைத் தாண்டிவிடுவேன். ஊரில் பாதிப்பேர் என்னை டொக்டருக்கு அடுத்த ஆள் என்றே நினைத்திருந்தார்கள்.

அப்போது பர்மாவில் அடிபட்டும் நோயில் விழுந்தும் வந்த ஆப்பிரிக்கப் படையாட்கள் சிலரை எங்கள் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஏன் யாழ்ப்பாணத்துக்கு என்று கேட்காதே. பட்டாளத்தில் ஏன் என்ற சொல்லே இல்லை. அவர்களில் இருவர் அடுத்தடுத்த கட்டில். ஒருவன் பொக்காரி. கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் கால் நீட்டிக்கொண்டு கிடக்கிற நெடுவல். தலையில் பட்ட காயத்தோடு காய்ச்சலும் சேர்ந்து, எழும்புவதும் விழுவதுமாகக் கிடந்தான். மற்றவன் லாமின். கட்டை ஆள், கையில் கட்டு, வாயில் ஓயாத பகிடி. இருவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்ற தேசத்தவர். லாமின் பேசியது பட்டாளத்து இங்கிலீசு, என்னுடையது எட்டாம் வகுப்பு இங்கிலீசு. இரண்டும் நொண்டி என்றபடியால் சேர்ந்து நடந்தன. அவன் சொன்னவற்றை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"எங்கடை பக்கம் ஆறும் கடலும் கலக்கிற சேத்து நிலம்" என்று அவன் ஒருநாள் சொன்னான். "தோணி இல்லாமல் பக்கத்து வீட்டுக்கும் போகேலாது. இவன் பொக்காரியின்ரை பாஷை கிரிம். என்ரை பாஷை போம். செர்ப்ரோ எண்டு இன்னொண்டு கிடக்கு. எல்லாம் ஒரு தாய் வயித்துப் பிள்ளையள். கனபேர் இல்லை. இவன் கதைக்கிறதை நிண்டு நிண்டு கேட்டால் எனக்குப் பிடிபடும்."

"எத்தினை பேர் கதைக்கிறியள்?"

"அதை எண்ண ஆள் அனுப்பினால் அவனும் பெரிய பாஷையான மெண்டேயிலைதான் வந்து கேப்பான். நாங்களும் மெண்டேயிலை மறுமொழி சொல்லுவம். மெண்டே ஆக்கள் எண்டு எழுதிக்கொண்டு போயிடுவான்." பல்லை இளித்தான். "சந்தையிலை மெண்டே, பெண் பாக்கப் போனால் மெண்டே, பட்டாளத்திலை இங்கிலீசு. கிரிம் கதைச்சால் பெட்டையள் சிரிப்பினம். கிழடுகளோடை சண்டை பிடிக்கத்தான் அந்தப் பாஷை இப்ப மிச்சம்."

நானும் சிரித்தேன். சிரிக்கத்தான் சொன்னான்.

பிறகு பொக்காரியின் காய்ச்சல் மூளைக்கு ஏறியது. மகள், அதை நான் என் கண்ணால் பார்த்தேன், அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். முதலில் அவனிடமிருந்து இங்கிலீசு போனது. தண்ணீர் கொடுத்தால் 'தாங்க்யூ' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் ஒரு காலையில் அந்தச் சொல்லை எங்கோ வைத்துவிட்டவன்போல என் முகத்தைத் தேடினான். அது கிடைக்கவே இல்லை. அடுத்த கிழமை மெண்டேயும் கழன்றது. மற்ற வாட்டில் இருந்து அவன் ஊர்ப்பக்கத்து மெண்டேக்காரர் இருவர் வந்து தோளைத் தொட்டுக் கதைத்தார்கள். சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பின்னால் படித்ததெல்லாம் முன்னால் உரிந்து, தாய் மடியில் கிடந்து கேட்ட கிரிம் மட்டும் மிஞ்சியது. "தலையிலை அடிபட்ட சில பேருக்கு இப்பிடி வரும்" என்றார் டொக்டர். அதை ஏதோ மழை வரும் என்பதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அப்போது முதல் பொக்காரி லாமினின் கையைப் பிடித்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினான். தாய்க்குச் சொல்லி அனுப்ப ஏதோ ஒன்று இருந்தது. பட்டாளத்துக்கு வெளிக்கிட்ட நாளில் தாய்க்கும் மகனுக்கும் இடையில் ஏதோ நடந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் சாகமாட்டேன் என்று நின்றான். லாமின் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தால் அந்தக் கிழவியின் முன்னால் இருந்து, மகன் சொன்ன மாதிரியே சொல்லவேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"என்னவாம்?" என்று தினமும் கேட்பேன்.

"இன்னும் விசயத்துக்கு வரேல்லை. முதலிலை ஆறு, பிறகு தோணி, இப்ப தோணி கட்டின மாமன். எங்கடை ஆக்கள் நேரை விசயத்துக்கு வாறது மரியாதை இல்லை. உங்கடை ஆக்கள் எப்பிடி?"

"கலியாணம் பேசப் போனால் மழையிலை தொடங்கி மாட்டிலை வந்து நிப்பம். பொம்பிளையின்ரை பேச்சு வர விளக்கு வைக்கிற நேரமாயிடும்."

"அப்ப எங்கடை சொந்தம்தான் நீங்கள்" என்றான்.

இனி என் கெட்டித்தனத்துக்கு வருகிறேன். லாமினின் கை ஆறி வெகுநாள். ஆறினவன் படைக்குத் திரும்பவேண்டும். ஆனால் எங்கள் வாட்டில் தாதிமாருக்குத் தலைவியான மேற்றன், சிரிப்பே தெரியாத ஒரு வெள்ளைக்காரி, ஒவ்வொரு நாளும் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஆறவில்லை என்றே எழுதினாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாட்டில் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அப்படியே விட்டிருந்தால் பொக்காரியின் கதை தோணியைத் தாண்டித் தாயிடம் வந்திருக்கும். எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. இப்படிக் கள்ளத்தனமாக எத்தனை நாள், மேலிடத்தில் கேட்டு முறையாக ஒரு உத்தரவு வாங்கிவிட்டால் ஒருவரும் அசைக்கமுடியாதே என்று யோசித்தேன். யாழ்ப்பாணத்தான் யோசித்தால் அது எங்கே போய் முடியும் என்று உனக்குச் சொல்லவேண்டுமா? பெட்டிசம் எழுதிப் போடுவதில்தான்.

உன் பெரிய மாமா அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்த மனிதர். பெட்டிசம் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். நான் விசயத்தைச் சொல்லி முடிக்க முன்னரே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.

"மச்சான், நீர் சும்மா இரும். இதை நான் எழுதிற எழுத்திலை அவன் லாமினைச் சண்டை முடியுமட்டும் அசைக்கமாட்டாங்கள்."

உன் அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "அண்ணை, ஏன் உந்த எழுத்தெல்லாம்? இவர் அந்த மேற்றனிட்டை வாயாலை ஒரு சொல்லுக் கேட்டால் காணாதே?"

"வாயாலை கேட்டால் வாயாலை இல்லை எண்டு சொல்லிப்போடுவினம். எழுத்திலை குடுத்தால் எழுத்திலை மறுமொழி தரவேணும். அதுதான் சட்டம். நீ போய்ச் சோத்தைப் பார்."

"சோறு வெந்திட்டுது. நீங்கள் ரெண்டு பேரும்தான் வேகேல்லை."

நாங்கள் கேட்கவில்லை. உன் மாமா எழுதினார். ஆப்பிரிக்க வீரனின் கண்ணீரும், தாய்மையின் மகத்துவமும், பிரிட்டிஷ் நீதியும் அதில் ஆறாக ஓடின. ஆசுப்பத்திரிப் பெரிய அதிகாரிக்கு ஒன்று என்று நான் நினைத்தேன். மாமா அதன் கீழே பிரதி, பிரதி, பிரதி என்று போட்டார். கொழும்பில் படைத்தலைமைக்கு ஒரு பிரதி, கவர்னருக்கு ஒரு பிரதி, இன்னும் யார் யாருக்கோ. "மேலிருந்து இறங்கினால்தான் கீழை இருக்கிறவன் பயப்பிடுவான்" என்றார். எனக்கு அது நல்ல நியாயமாகவே பட்டது. எங்கள் ஊரில் மதகு கட்டுவித்ததும் அப்படி, வாத்தியாரை மாற்றுவித்ததும் அப்படித்தான். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது, அந்தக் காக்கிக் காற்சட்டைக்கு நான் இப்போதுதான் தகுதியானவன் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

மேலிருந்து இறங்கத்தான் செய்தது. ஒரு காலை பெரிய அதிகாரி கையில் கடதாசியோடு வாட்டுக்குள் வந்தார். கை ஆறின படையாள் ஒருவன் கூட்டாளியின் கட்டிலில் இருந்து கதை கேட்டுக்கொண்டிருக்கிறான், இதை யார் விட்டது என்று கொழும்பில் இருந்து கேட்டிருக்கிறார்கள். மேற்றன் நிமிர்ந்து நின்று, "நான்தான்" என்றாள். அன்று மத்தியானமே லாமினை லொறியில் ஏற்றினார்கள். பொக்காரி அப்போது காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தான். விடைபெறக்கூட முடியவில்லை. கடதாசியின் கீழே என் பேரைக் கண்டுவிட்டு மேற்றன் என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நின்றேன். "நான் பொய் எழுதினது உனக்குப் போதாமல் போச்சோ?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த மாதம் அவளையும் வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள்.

லாமின் லொறியில் ஏறுமுன் என் சட்டையைப் பிடித்தான். அன்று பகிடி இல்லை.

"நேற்றுத்தான் தாயின்ரை பேரைச் சொன்னான். இனித்தான் விசயம். நீ இருந்து கேள்."

"எனக்கு ஒரு சொல்லும் விளங்காதே, தம்பி."

"விளங்காட்டிலும் கேள். இடைக்கிடை 'ம்' எண்டு சொல்லு. கேக்கிற ஆள் இல்லையெண்டால் அவனுக்குச் சொல்ல வராது."

கேட்டேன், மகள். வேலை முடிந்த பிறகும் அவன் கட்டிலடியில் இருந்து கேட்டேன். அதற்கு முன் இன்னும் ஒரு மூடத்தனம் பார்த்துவிட்டுத்தான். விமானத் திடலுக்குச் சாமான் கொண்டுவந்த லொறியில், கிழக்கு ஆப்பிரிக்காப் படையைச் சேர்ந்த ஒரு சாரதி இருந்தான். அவனை மறித்துக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவனும் கறுப்பு, இவனும் கறுப்பு, ஏதாவது விளங்காமலா போகும் என்று. அவன் பொக்காரியின் பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு என்னைப் பார்த்தான்.

"உன்ரை ஊரிலை இருந்து சீனா எவ்வளவு தூரம்?"

"கன தூரம்."

"இவன்ரை ஊருக்கும் என்ரை ஊருக்கும் அதிலும் தூரம். நீ சீனம் கதைப்பியோ?"

அவன் போகும்போது தொப்பியைக் கழற்றிப் பொக்காரிக்கு மரியாதை செய்துவிட்டுத்தான் போனான்.

பொக்காரி கண் திறந்து லாமினின் கட்டிலைப் பார்த்தான். வெறும் கட்டில். பிறகு என்னைப் பார்த்தான். ஆளில்லாத இடத்தில் என்னையே ஆளாக வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தவன்போல என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு தொடங்கினான். அதில் ஆறு இருந்ததா, தோணி இருந்ததா, எனக்குத் தெரியாது. ஆனால் கதை சொல்கிற குரல் எந்தப் பாஷையிலும் ஒரு மாதிரித்தான். ஓரிடத்தில் சிரித்தான், நானும் சிரித்தேன். ஓரிடத்தில் குரல் இறங்கிப் பொம்பிளைக் குரலாக மாறியது. தாய் சொன்னதைச் சொல்கிறான் என்று ஊகித்தேன். நான் 'ம்' சொன்னேன். உலகத்தில் அந்தப் பாஷை தெரிந்தவர்கள் எங்கோ ஒரு சதுப்பில் இருக்க, அவன் வாழ்க்கையில் பெரிய விசயத்தைக் கோப்பாயில் வெங்காயம் நட்ட ஒருவனிடம் ஒப்புவித்துக்கொண்டிருந்தான். அதற்குக் காரணம் நான் போட்ட பெட்டிசம்.

ஒரு பின்னேரம் கதை நின்றது. என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டான். கேள்வி என்று தெரிந்தது. குரல் மேலே போய் நின்றது, கண் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் 'ம்' சொன்னேன். அது போதவில்லை. மறுபடியும் அதையே கேட்டான், இன்னும் மெதுவாக, சொல் சொல்லாக, விளங்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல. என் விரல்களை இறுக்கிப் பிடித்தான். மூன்றாம் முறை கேட்டபோது கண்ணில் தண்ணீர் நின்றது.

என்ன செய்வேன்? சாகிறவன் கெஞ்சிக் கேட்கும்போது இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? தலையை ஆட்டினேன். "ஓம் ராசா, ஓம்" என்றேன். தமிழில் சொன்னாலும் தலையாட்டல் அவனுக்கு விளங்கியது.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் கையை என் கையில் இருந்து எடுத்துக்கொண்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. தண்ணீரும் வாங்கவில்லை. அடுத்த நாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. குளிப்பாட்டித் துடைத்தது நான்தான்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் இருந்தேன். உன் அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். என் மனத்தை ஆற்றவென்று அவள் சொன்னாள்.

"'என்ரை அம்மா என்னை மன்னிப்பாவோ' எண்டு கேட்டிருப்பான். நீங்கள் ஓம் எண்டது நல்லதாப் போச்சு."

"மன்னிப்பா எண்டு கேட்டவன் ஏன் கையை இழுத்துக்கொண்டு சுவருக்குத் திரும்புவான்? 'அம்மா செத்துப்போனாவோ' எண்டு கேட்டிருந்தால்? 'நான் செய்தது பிழையோ' எண்டு கேட்டிருந்தால்?"

வயிற்றுக் குத்து என்று உன்னிடம் சொன்னது அந்தக் கிழமைதான். இப்போதும் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கும்போது, அந்தக் கேள்வி எதுவாக இருந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். இல்லை என்பதுதான் சரியான மறுமொழி என்கிற கேள்விகள்தான் எனக்கு அதிகம் வருகின்றன. லாமின் உயிரோடு ஊர் போனானோ, அந்தக் கிழவியிடம் பாதிக் கதையையாவது கொண்டுபோனானோ, அதுவும் தெரியாது.

நீ என்னிடம் கேட்டதற்கு இப்போது வருகிறேன். பேரப்பிள்ளை என்னோடு கதைக்கவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. நான் அவளைப் பார்ப்பதே இனிக் கப்பலும் காசும் முழங்காலும் ஒத்துவந்தால்தான். வந்தாலும் அவளோடு இங்கிலீசில் கதைத்துச் சமாளிப்பேன், அவளுக்குச் சிரிக்க நல்லதாக இருக்கும். மருமகனிடம் சண்டைக்கும் போகாதே. இங்கிலீசும் படிக்கட்டும், மலாயும் படிக்கட்டும். நாக்குக் குழம்பும் என்பது பொய். லாமினுக்கு எத்தனையோ பாஷை தெரியும், அவன் நாக்கைப்போலத் தெளிந்த நாக்கை நான் கண்டதில்லை.

எனக்குப் பயம் உன்னைப் பற்றித்தான். நீ இங்கிலீசை என்னைப்போல நொண்டாமல் பேசுகிறாய், ஆனால் அதுவும் பள்ளிக்கூடத்தில் வாங்கிப் போட்டதுதான். நீயும் ஒருநாள் என்னைப்போலக் கிழடாவாய், காய்ச்சலில் கிடப்பாய். எல்லாருக்கும் பொக்காரிக்கு வந்ததுபோல வராது, உனக்கு வரவே கூடாது என்றுதான் நல்லூர் முருகனிடம் கேட்கிறேன். வந்தால், முதலில் உன் இங்கிலீசு கழலும். பிறகு அங்கே கடைத்தெருவில் பழகின மலாய் கழலும். கடைசியில் உன் வாயில் கோப்பாய்தான் மிஞ்சும். உன் அம்மா உனக்கு ஊட்டும்போது சொன்ன சொற்கள் மிஞ்சும். அவற்றைக்கொண்டு நீ உன் மகளின் கையைப் பிடித்து ஏதோ ஒன்று கேட்பாய். அவள் நல்ல பிள்ளையாகத்தான் இருப்பாள், உன் தலைமாட்டில்தான் இருப்பாள். உனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் அழுதுகொண்டு தலையை ஆட்டுவாள்.

அந்தத் தலையாட்டலை வாங்கிக்கொண்டு ஒரு ஆள் சுவருக்குத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், பிள்ளைக்குத் தமிழில் வேறொன்றும் படிப்பிக்காவிட்டாலும் பரவாயில்லை, தேவாரமும் வேண்டாம், இலக்கணமும் வேண்டாம். நீ கேட்பது என்ன என்று தெரிந்துகொண்டு, வேண்டிய இடத்தில் உன் முகத்தைப் பார்த்து, "இல்லை அம்மா" என்று சொல்லுகிற அளவுக்கு மட்டும் அவளை வளர்த்துவிடு.

இப்படிக்கு,
உன் ஐயா